சமயத் தடையும் சுவடி வாழ்வும்

பிற சமய நூலைப் படித்தலாகாது என்று தமிழில் வெளிப்படையாகக் கூறும் இடங்களுள் தலையாயது சேக்கிழார் வரலாற்றில் வரும் ஒரு நிகழ்ச்சியாகும். உமாபதி சிவாசாரியார் பெயரால் வழங்கும் சேக்கிழார் புராணம் அதனைக் கூறுகின்றது. சோழ மன்னன் சீவக சிந்தாமணியை மெய்க்கதை எனக் கொண்டு அதன் சுவையில் ஈடுபட்டிருந்தான். அமைச்சராகிய சேக்கிழார், அது சமணர் புனைந்த பொய்ந்நூல் என்றும், இம்மைக்கும் மறுமைக்கும் பயன்படாதது என்றும் இடித்துரைத்தார். நெல்லிருக்க உமியைக் குத்துவாரும், கறவையிருக்க மலட்டுப் பசுவைக் கறப்பாரும் ஈண்டு உவமையாகின்றனர். அங்ஙனமாயின் மெய்க்கதை யாது என அரசன் வினவ, அடியார் வரலாறு விடையாகின்றது, பெரியபுராணம் பிறக்கின்றது.

இக்கதை நிகழ்ந்ததா என்பது வேறு ஆராய்ச்சி. பெரியபுராணத்துள் இதற்குச் சான்று இல்லை. அநபாயன் பெயர் பயிலும் அந்நூலில் சிந்தாமணியைப் பற்றிய பேச்சே எழவில்லை. ஆயினும், சைவ உலகம் இதனை விரும்பிப் போற்றியது என்பதே நமக்கு வேண்டிய செய்தி. இதில் ஏடு எரிக்கப்படவில்லை, படித்தவன் தண்டிக்கப்படவில்லை. கூறப்படும் குற்றமும் கொள்கைப் பிழை என்பதினும் பயனின்மை என்பதேயாகும். ஒரு நூலை விலக்குதற்கு மற்றொரு நூலை அதன் இடத்தில் வைத்தலே இங்குக் கையாளப்பட்ட முறை. இக்கதை தன்னை அறியாமலே சிந்தாமணிக்குப் பெரும்புகழ் சேர்க்கின்றது என்பதையும் கூறல் வேண்டும். அரசவையைப் பிணித்து நின்ற நூல் என்று எதிர்ப்பக்கத்தார் வாயாலேயே அது சான்று பெறுகின்றது. அன்றியும், விருத்தத்தைக் காப்பிய யாப்பாக நிலைநிறுத்தியவர் திருத்தக்கதேவர். சேக்கிழார் பாடியதும் விருத்தத்திலேயே. பொருளை விலக்கிய மரபு யாப்பை விலக்கவில்லை.

உரோமாபுரியின் வழக்கு இதனின் வேறு. கத்தோலிக்கத் திருச்சபை விலக்கப்பட்ட நூல்களுக்கு 1559இல் ஒரு பட்டியல் வெளியிட்டது. அது பலமுறை திருத்தப்பட்டு, 1948இல் இறுதிப் பதிப்புக் கண்டு, 1966இல் கைவிடப்பட்டது. அச்சுக்கருவி தோன்றி, ஒரு நூல் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான படிகளாய்ப் பரவத் தொடங்கிய பின்னர் எழுந்த தடை அது. ஆதலின் அதற்குப் பெயர்ப் பட்டியல் இன்றியமையாததாயிற்று. ஏட்டுச் சுவடி வழங்கிய நாட்டில் பட்டியல் வேண்டுவதில்லை. நம் நாட்டு வெப்பத்திலும் செல்லிலும் பனையோலை முந்நூறு ஆண்டு கடந்து நிற்பது அரிது. ஒரு நூல் வாழ்தற்கு ஒவ்வொரு தலைமுறையிலோ இரு தலைமுறைக்கு ஒருமுறையோ எவரேனும் அதனைப் படியெடுத்தல் வேண்டும். படிப்பார் இல்லையேல் எழுதுவாரும் இல்லை. எனவே, இங்குப் 'படிக்கற்க' என்னும் சொல் சிறிது காலம் கழிந்தபின் 'அழிக' என்னும் சொல்லாகவே முடிகின்றது. தடைவிதித்தவர் அதனைக் கருதினாரா இல்லையா என்பது நூலின் முடிவை மாற்றுவதில்லை.

தடையின் இரண்டாம் வடிவத்தை இலக்கணக்கொத்தில் காண்கின்றோம். திருவாவடுதுறை ஆதீனத்துச் சுவாமிநாத தேசிகர் பதினேழாம் நூற்றாண்டில் இயற்றித் தாமே உரையும் வகுத்த நூல் அது. சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை, பத்துப்பாட்டு, எட்டுத்தொகை, பதினெண்கீழ்க்கணக்கு, இராமன் கதை, நளன் கதை என வரும் நூல்களை ஒரு பொருளாகக் கருதி வாழ்நாளை வீணாக்குவோரை அவ்வுரை கடிகின்றது. இவ்வரிசை கூர்ந்து நோக்கத்தக்கது. சமண பௌத்த நூல்களோடு சங்க நூல்களும், வைணவர் போற்றும் இராமகாதையும் ஒருங்கு வைக்கப்பட்டுள்ளன. சேக்கிழார் கதையில் 'பொய்ந்நூல்' எனப்பட்ட காரணம் இங்கு இல்லை. சிவநெறிக்கு நேரே பயன்படாதன யாவும் ஒரே குப்பையில் தள்ளப்படுகின்றன. சமயப் பகையால் எழுந்த விலக்கு கல்விமுறையாக மாறிவிட்ட நிலை இது. தேசிகரின் புலமைப் பெருமையில் நமக்கு ஐயமில்லை. இலக்கண நுண்மையில் அவர்க்கு ஒப்பாவார் சிலரே. எனினும், இக்கூற்றைச் சமயப் பற்றின் மிகுதி என்று சொல்லி எளிதில் கடந்துவிடும் ஆராய்ச்சியாளரோடு யாம் உடன்படுவதற்கில்லை.

தேசிகர் கூற்றுக்கு அவர் மாணவர் மரபே மறுப்பாய் அமைந்தது என்பதும் உண்மையே. அவர்தம் மாணவராகிய சங்கர நமச்சிவாயர், சமணராகிய பவணந்தியாரின் நன்னூலுக்கு உரை கண்டார்; அதே ஆதீனத்துச் சிவஞான முனிவர் அவ்வுரையைத் திருத்தி விருத்தியாக்கினார். இலக்கணம் கருவி நூல். எனவே சமயவேலி கடந்தது. காப்பியத்திற்கு அவ்வுரிமை வாய்க்கவில்லை.

மறுப்பு நூல்களின் நிலை மேலும் வியப்புடையது. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் பரபக்கம் உலகாயதம் முதலாகப் பதினான்கு கொள்கைகளை எடுத்துரைத்து மறுக்கின்றது. பிறர் கொள்கையைக் கேட்டலாகாது என்னும் மனநிலை அதன்கண் இல்லை. எதிரியின் கூற்றை அவன் வாயாலேயே பேசவிட்டு, அதன் பின்னரே மறுக்கும் நேர்மை உள்ளது. பௌத்தக் காப்பியமாகிய குண்டலகேசியை மறுக்க எழுந்த சமண நூல் நீலகேசி. அதன் உரையாசிரியர் சமய திவாகர வாமன முனிவர், மறுத்தற்பொருட்டுக் குண்டலகேசிச் செய்யுட்களை எடுத்தாண்டார். இன்று குண்டலகேசி என நமக்கு எஞ்சியுள்ள பத்தொன்பது செய்யுட்கள் அவ்வுரை, புறத்திரட்டு, வீரசோழிய உரை ஆகியவற்றால் வந்தனவே. ஒரு நூலுக்குப் பகைவன் செய்யும் தீங்கினும் பாராமுகம் செய்யும் தீங்கு பெரிது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று தமிழில் இல்லை.

சிந்தாமணி முழுமையாய் நின்றதற்கும் குண்டலகேசி சிதைந்ததற்கும் காரணம் நூல்களின் தரம் அன்று. தமிழகத்தில் பௌத்தர் அருகினர், சமணர் அருகவில்லை. உ. வே. சாமிநாதையர் சிந்தாமணியை ஆராயத் தொடங்கியபோது, கும்பகோணத்துச் சமணர் அதனைப் பாராயண நூலாகவே போற்றிப் படித்துவந்தனர். அவருக்கு விளங்காத சமயச் செய்திகளை அவர்களே விளக்கினர். சைவர் விலக்கிய நூல் அதற்கு உரியவர் இல்லங்களில் ஓதப்பட்டே வந்தது.

ஆனால் ஐயரவர்களே அதுவரை அந்நூலைப் படித்தாரல்லர். 1871 முதல் 1876இல் ஆசிரியர் மறையும்வரை மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றவர். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை எனக் கற்றவை பல. 1880 அக்டோபரில் சேலம் இராமசுவாமி முதலியார், சிந்தாமணியையும் மணிமேகலையையும் படித்ததுண்டோ என வினவிய பின்னரே அத்திசையில் அவர் நோக்கம் சென்றது. 1887இல் சிந்தாமணி அச்சேறியது. இருநூறு ஆண்டுகட்கு முன் இலக்கணக்கொத்து வகுத்த பாடத்திட்டம் எத்துணை உறுதியாக வேரூன்றியிருந்தது என்பதற்கு இஃது ஒன்றே போதும். எவரும் அம்மாணவரைத் தடுக்கவில்லை. தடுக்க வேண்டிய நூல்கள் உள்ளன என்ற எண்ணமே அக்கல்விச் சூழலில் மறைந்துபோயிருந்தது.

இதற்குத் தடை வாராதே, சமணர் இருந்தும் வளையாபதி அழிந்ததே என்று வினவலாம். சமணக் காப்பியம் எனப் பெரும்பாலோர் கொள்ளும் அந்நூலில் இன்று கிடைப்பன எழுபத்திரண்டு செய்யுட்களே; அவற்றுள் மிகப் பல, 1938இல் வையாபுரிப் பிள்ளை பதிப்பித்த புறத்திரட்டால் அறியப்பட்டன. சமணர் எல்லா நூல்களையும் ஒப்பப் பேணவில்லை என்பது இதனால் பெறப்படும். சிந்தாமணிக்கு அமைந்த பாராயணச் சிறப்பு வளையாபதிக்கு அமையவில்லை போலும். ஆயினும் அந்நூலின் இறுதி ஏடு நிற்கும் இடம் வேறு. தம் ஆசிரியர் வாழ்ந்த காலத்தில் திருவாவடுதுறை ஆதீனத்துச் சுவடிகளிடையே வளையாபதி ஏட்டைக் கண்ணுற்றதாகவும், பழைய நூல்களில் அக்காலத்துத் தம் மனம் செல்லவில்லை என்றும், பின்னர்த் தேடியபோது அச்சுவடி அகப்படவில்லை என்றும் ஐயரவர்களே எழுதியுள்ளார்.

மடங்கள் புறச்சமய நூல்களை அழித்தன என்று கூறும் அறிஞர் இச்செய்தியை மறந்துவிடுகின்றனர். மடங்களே தமிழைக் காத்தன என்று கூறுவோர்க்கும் இது வசதியானதன்று. தேசிகர் கடிந்த வகையைச் சேர்ந்த நூல் அவருடைய ஆதீனத்திலேயே காக்கப்பட்டது. காக்கப்பட்ட இடத்திலேயே படிப்பார் இன்றிக் கிடந்தது. படிக்கத்தக்கவர் ஒருவர் கண்ணுற்றபோதும் அவர் மனம் அதன்பால் செல்லவில்லை.