பாறையும் காற்றும்: பிளான்போர்டின் திருச்சி ஆய்வு பற்றி ஒரு மதிப்பீடு

திருச்சி வட்டாரப் பாறைகளைக் கற்போர் எவரும் தவிர்க்க முடியாத நூல் ஒன்று உண்டு. இந்தியப் புவியமைப்பியல் ஆய்வுத்துறை 1862-இல் வெளியிட்ட ஹென்றி பிளான்போர்டின் அறிக்கையே அது. அம்மோனைட்டுகளும் கடற்சிப்பிகளும் நிறைந்த அடுக்குகளை அவர் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அப்பெயர்கள் இன்றும் வழக்கில் உள்ளன. அவருடைய களப்பணிக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நூலின் எல்லையையும் கூறவேண்டும். ஊட்டத்தூர்த் தொகுதியின் அடியில் உள்ள பவளப்பாறைச் சுண்ணாம்புக்கல்லை அவர் குறித்திருக்கிறார். அதன் வயது ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகள். பவளப்பாறைகள் இன்று பெரும்பாலும் 30 பாகை அட்சரேகைக்குள்தான் வளர்கின்றன. திருச்சி இருப்பதோ 11 பாகையில்! எனவே 1862-இல் இதில் புதிர் எதுவும் தோன்றவில்லை. கண்டங்கள் நகர்கின்றன என்று வெகனர் சொன்னதே 1912-இல்தான். பவளம் வளர்ந்த காலத்தில் நம் நிலம் பூமத்திய ரேகைக்கு வெகு தெற்கே, நடு அட்சரேகைகளில் கிடந்தது என்று இன்று அறிகிறோம். அங்கே கடல் வெதுவெதுப்பாக இருந்தது எப்படி?

கரியமிலவாயு மிகுந்திருந்தது என்பது பாதி விடையே. வெப்பம் துருவங்களை நோக்கிப் பரவியதைக் காற்றும் கடல் நீரோட்டமும் சேர்ந்தே விளக்கவேண்டும். வெப்பநிலை ஒரு பாகை கூடினால் காற்று சுமார் 7 விழுக்காடு மிகுதியான நீராவியை ஏற்கும். அது தொலைவில் மழையாகும்போது உள்ளுறை வெப்பம் வெளிப்படும். ஆடியில் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படிகளைத் தொடும் காவிரி நீரும், கடலில் வாங்கிய வெப்பத்தைக் குடகு வானில் இறக்கிவிட்டு வந்ததுதான். ஆயினும், பண்டைத் துருவங்களின் மிதமான வெப்பத்தைக் கணிப்பொறி மாதிரிகள் நெடுங்காலம் முழுமையாகக் காட்டவில்லை. மேகங்களைச் சரியாகக் கணக்கிடுவதே கடினமான பகுதி.

இதே பிளான்போர்டு 1875-இல் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானார். இமயப் பனிக்கும் பருவமழைக் குறைவுக்கும் உள்ள தொடர்பை 1884-இல் எழுதினார். ஆனால் இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஒத்த புதைபடிவங்கள் கிடைத்ததற்கு, இந்தியப் பெருங்கடலில் மறைந்துபோன ஒரு நிலப்பரப்பையே அவர் 1875-இல் காரணமாகக் காட்டினார். அந்த விளக்கம் வீழ்ந்துவிட்டது. அவருடைய கள அவதானிப்புகள் நிலைத்துவிட்டன. மூழ்கிய கண்டத்துக்கு அவரைப் போன்றோரைச் சான்று காட்டுவோர் இவ்விரண்டையும் பிரித்தறிதல் நன்று.

கல்லக்குடிச் சுண்ணாம்புக்கல் சிமெண்டுக்காக வெட்டப்படுகிறது. சூளைக்குப் போன பாறை பிறகு எந்தக் கேள்விக்கும் விடை தராது. திருச்சி மாணவர்கள் பிளான்போர்டிடம் கற்கவேண்டியது, முதலில் நேரில் சென்று பார்த்துக் குறித்துவைக்கும் அந்தப் பழக்கத்தையே.