மௌனம் மறுப்புக்கு அறிகுறி

தொலைவில் இருக்கும் லினக்ஸ் சர்வரில் எஸ்எஸ்எச் வழியே நுழைந்து நெட்வொர்க்கை ரீஸ்டார்ட் செய்யவே கூடாது என்பார்கள். நான் அதை ஏற்பதில்லை. ஐபி கட்டளையால் செய்த மாற்றம் நினைவகத்தில் மட்டுமே நிற்கும். கான்ஃபிக் ஃபைலில் உள்ள பிழையோ பல மாதம் கழித்து, ரீபூட் ஆகும் இரவில்தான் தலைகாட்டும். ரீஸ்டார்ட் செய்தால் அந்த ஃபைல் இப்போதே படிக்கப்படும். எதை மாற்றினோம் என்பது நினைவில் இருக்கும்போதே பிழை வெளிப்படும்.

இணைப்பு அறுந்துபோகும் என்ற அச்சமும் பாதிதான் உண்மை. இன்டர்ஃபேஸ் சில நொடிகளில் அதே முகவரியோடு மீண்டால், டிசிபி இணைப்பு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆபத்து இருப்பது கட்டளை தரும் விதத்தில். இஃப்டவுன், இஃப்அப் இரண்டையும் தனித்தனியாகத் தட்டினால் இரண்டாவது கட்டளை சர்வரை எட்ட வழியே இருக்காது. ஒரே வரியில் இரட்டை ஆம்பர்சண்ட் போட்டுக் கோத்தாலும், இஃப்டவுன் பிழையோடு முடிந்தால் இஃப்அப் ஓடாது; அரைப்புள்ளி போட்டிருந்தால் ஓடும். சிஸ்டம்சிடிஎல் இதில் மேலானது. வேலையைச் செய்வது நம் ஷெல் அல்ல, சர்வரின் முதல் புராசஸான பிஐடி 1. நம் செஷன் செத்தாலும் வேலை நடக்கும். ஆனால் ஃபைலில் கேட்வே தவறாக இருந்தால் அதுவும் காப்பாற்றாது.

முன்கூட்டியே சரிபார்த்தால் போதாதா? 2021 அக்டோபர் 4 அன்று, பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை ஃபேஸ்புக்கின் முதுகெலும்பு நெட்வொர்க்கையே துண்டித்தது. அதைத் தடுத்திருக்க வேண்டிய தணிக்கைக் கருவியிலேயே பிழை இருந்தது. பொறியாளர்கள் டேட்டா சென்டருக்கு நேரில் போக வேண்டியதாயிற்று.

அதனால்தான் உபுண்டுவில் உள்ள ‘நெட்பிளான் ட்ரை’ கட்டளையை மிகவும் மதிக்கிறேன். புதிய கான்ஃபிக்கைச் செயல்படுத்திவிட்டு 120 நொடி காத்திருக்கும். என்டர் தட்டாவிட்டால் பழையதற்கே திரும்பிவிடும். மௌனம் சம்மதம் என்போம். இங்கே மௌனம் மறுப்பு. இணைப்பை இழந்தவரால் என்டர் தட்ட முடியாது என்பதே பாதுகாப்பாகிறது. ஜூனிப்பர் ரவுட்டர்களின் ‘கமிட் கன்ஃபர்ம்ட்’ செய்வதும் இதையே. அங்கே வழக்கமான அவகாசம் 10 நிமிடம்.

பிரிட்ஜ், பாண்ட் அமைப்புகள் சிலவற்றை நெட்பிளானால் இப்படித் திருப்ப முடியாது. அதைவிடப் பெரிய குறை நம் கையில் இருக்கிறது: திரை உயிர்பெற்றதும் அவசரமாக என்டர் தட்டிவிடுகிறோம். ஃபயர்வால் விதியையும் சேர்த்து மாற்றியிருந்தால், அது பழைய இணைப்பை விட்டுவைத்துப் புதியவற்றை மட்டும் தடுக்கலாம். இன்னொரு டெர்மினலைத் திறந்து புதிதாக லாகின் செய்து பாருங்கள். உள்ளே போக முடிந்த பிறகு தட்டுங்கள் என்டரை. 120 நொடி அதற்குத் தாராளம்.