போரின் ஒரு நாளும் பண்ணையின் நூறாண்டும்

டர்பனிலிருந்து வடமேற்கே மூன்று நான்கு மணி நேரம் காரில் போனால், தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நேட்டால் மாகாணத்துப் பழைய போர்க்களங்கள் ஒன்றையடுத்து ஒன்றாக வரத் தொடங்கும். 1879 ஜனவரி 22 அன்று சூலுப் படை ஆங்கிலேயரை முறியடித்த இசாண்ட்லுவானா. அன்று மாலையே சண்டை தொடர்ந்த ரோர்க்ஸ் டிரிஃப்ட். டச்சு வழிவந்த போயர்களும் ஆங்கிலேயரும் 1899-1900இல் மோதிய கொலென்சோ, ஸ்பியன் கோப், லேடிஸ்மித். இவற்றைச் சுற்றியிருந்த மாட்டுப் பண்ணைகளில் சில இன்று விருந்தினர் இல்லங்கள். பகலில் வழிகாட்டியோடு போர்க்களம். மாலையில் தாழ்வாரத்தில் தேநீர். இரவில் பொது மேசையில் உணவு, கூடவே போர்க்கதை. வரலாற்றை இப்படித் தங்கிக் கற்பது எதைக் கொடுக்கிறது, எதை மறைக்கிறது என்று எடை போட்டுப் பார்ப்பது நல்லது.

முதலில் அதன் பலம். நிலத்தை அறியாமல் போரை அறிய முடியாது. நிலத்தை அறிய அவகாசம் வேண்டும். ஸ்பியன் கோப் இதற்குச் சரியான சான்று. 1900 ஜனவரி 23 இரவில் சுமார் 1,700 ஆங்கிலேயப் படையினர் அந்த மலையில் ஏறினார்கள். குழி தோண்ட அவர்களிடம் இருந்தவை 20 பிக்காசுகளும் 20 மண்வெட்டிகளும்தான். கடும் மூடுபனியில் இதுதான் விளிம்பு என்று நம்பி ஓரிடத்தில் ஆழமில்லாத பதுங்குகுழி வெட்டினார்கள். பனி விலகிய பிறகுதான் உண்மையான விளிம்பு இன்னும் தள்ளி இருப்பதும், சுற்றியுள்ள குன்றுகளிலிருந்து போயர்களின் குண்டுகள் நேரே அங்கு வந்து விழும் என்பதும் புரிந்தது. நாள் முழுக்க அடிபட்டு, இரவில் இறங்கிப் போனார்கள். வெட்டிய குழியே அவர்களுடைய இறந்தோருக்குப் புதைகுழி ஆயிற்று. நண்பகலில் பேருந்தில் வந்து முக்கால் மணி நேரத்தில் திரும்புகிறவருக்கு அந்தத் தவறு வெறும் மடமையாகத் தோன்றும். அடிவாரத்தில் தங்கி, பனி படர்ந்த அதிகாலையில் மேலே ஏறி நிற்பவருக்கு, தானும் அதே இடத்தில்தான் குழி வெட்டியிருப்போம் என்பது விளங்கும்.

இரண்டாவது பலம், கதை சொல்லும் மரபு. ரோர்க்ஸ் டிரிஃப்டுக்கு அருகே பஃபலோ ஆற்றங்கரையில் தம் குடும்ப நிலத்தில் விடுதி நடத்திய டேவிட் ராட்ரே இதில் பெயர் பெற்றவர். சூலு மொழி அறிந்தவர். ஆங்கிலத் தளபதிகளைப் போலவே சூலு வீரர்களையும் பெயர் சொல்லி, குலம் சொல்லி, அவர்களுடைய துணிவையும் துயரையும் சொன்னவர். அவர் 2007இல் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஆங்கிலேயரின் வீரகாவியமாக மட்டுமே கேட்டுவந்த கதையை இருதரப்புக் கதையாகக் கேட்கும் பழக்கத்தை வளர்த்ததில் அவருக்குப் பங்குண்டு. இன்று அந்த வட்டாரத்துச் சூலு வழிகாட்டிகளும் தம் முன்னோர் பக்கத்திலிருந்து சொல்கிறார்கள்.

குறைகள் இங்கேதான் தொடங்குகின்றன. நெருப்பு மூட்டிய அறையில், வயிறு நிறைந்த விருந்தினர்களுக்குச் சொல்லப்படும் கதைக்கு அதற்கேற்ற வடிவம் வந்துவிடுகிறது. வீரம் ஓங்குகிறது, காரணம் சுருங்குகிறது. ரோர்க்ஸ் டிரிஃப்டில் சுமார் 150 பேர் காவல் நின்றதும், அவர்களில் 11 பேருக்கு விக்டோரியா சிலுவை கிடைத்ததும் பலருக்குத் தெரியும். சண்டை முடிந்தபின் களத்தில் காயத்தோடு கிடந்த சூலுக்கள் கொல்லப்பட்டது அந்த அளவுக்குத் தெரியாது. 1964இல் வந்த ‘சூலு’ திரைப்படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வரும் பயணிக்கு முதல் செய்தியே போதும். இசாண்ட்லுவானாவில் ஆங்கிலேயர் புதைக்கப்பட்ட இடங்களை வெள்ளையடித்த கற்குவியல்கள் காட்டுகின்றன. வென்றும் பெருந்தொகையில் மாண்ட சூலுக்களுக்கு அங்கே நினைவுச்சின்னம் எழுந்தது 1999இல்தான்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பண்ணை வீட்டைக் கதைக்கேற்ற மேடையாக மட்டும் பார்க்கிறோம். உண்மையில் அதுவும் கதையின் ஒரு பகுதி. போர்கள் எதற்காக நடந்தனவோ, யார் வென்றால் யாருக்கு என்ன கிடைத்ததோ, அதன் விளைவுதான் அந்த வேலியும் வீடும். நேட்டாலில் குடியேறிய போயர்கள் ஒவ்வொரு பண்ணையையும் ஆயிரக்கணக்கான ஏக்கரில் அளந்துகொண்டார்கள். 1913இல் வந்த நிலச் சட்டம் கறுப்பின மக்கள் நிலம் வாங்கும் உரிமையை நாட்டின் சுமார் 7 விழுக்காட்டு நிலத்துக்குள் அடைத்தது. 1936இல் அந்த வரம்பு 13 விழுக்காட்டை ஒட்டி உயர்ந்தது. வடநேட்டாலில் எத்தனையோ சூலுக் குடும்பங்கள் தம் பாட்டன் காலத்து நிலத்திலேயே குடியிருக்கவும் மாடு மேய்க்கவும் ஈடாக, ஆண்டில் ஆறு மாதம் பண்ணைக்காரருக்கு உழைத்தன. பின்னர் அந்த முறையும் ஒழிக்கப்பட்டபோது, பலர் அங்கிருந்தே வெளியேற்றப்பட்டார்கள். 1994க்குப் பின் வந்த சட்டங்கள் இழந்த நிலத்தை மீட்கக் கோரவும், பிறர் பண்ணைக்குள் கிடக்கும் தம் குடும்பக் கல்லறைகளுக்குப் போய்வரவும் உரிமை தந்தன.

கல்லறைக்குப் போவதற்கே ஒரு சட்டம் தேவைப்பட்ட ஊரில், படைவீரர் கல்லறைகளை விருந்தினருக்குக் காட்டிவிட்டு, வேலிக்குள்ளேயே இருக்கும் வேலையாள் குடும்பங்களின் புதைமேடுகளைப் பற்றி வாய் திறக்காத விடுதி, பாதி வரலாற்றைத்தான் சொல்கிறது. போர் நடந்தது ஒரு நாள். அதன் பிறகு பண்ணையில் நடந்தது நூறாண்டு. அந்த ஒரு நாளை நிமிடம் நிமிடமாகச் சொல்லத் தெரிந்தவருக்கு இந்த நூறாண்டைப் பற்றிப் பத்து வாக்கியமாவது தெரிந்திருக்க வேண்டாமா?

தமிழர்களுக்கும் இந்தக் களங்களில் ஒரு பங்குண்டு. சென்னையிலிருந்து கிளம்பிய ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பரில் முதல் ஒப்பந்தக் கூலிகளை டர்பனில் இறக்கியது. அவர்களுக்குப் பின்னும் தமிழர்கள் தொடர்ந்து வந்தார்கள். போயர் போரில் காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படை கொலென்சோவிலும் ஸ்பியன் கோப்பிலும் காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்தது. ஏறக்குறைய 1,100 பேரில் 800 பேர் அளவுக்கு ஒப்பந்தக் கூலிகள். போர்ப் பதக்கம் தலைவர்களாக இருந்த 37 பேருக்கு வந்தது. ஸ்பியன் கோப்பில் காந்தியும் சர்ச்சிலும் போயர் தளபதி லூயி போத்தாவும் ஒரே களத்தில் இருந்ததை வியப்போடு சொல்வது வழக்கம். தூளி சுமந்த கூலிக்காரர்கள் அந்த வியப்பில் எண்ணிக்கையாகக்கூட வருவதில்லை.

விடுதிக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. தொழிற்சாலைகள் குறைந்த அந்த வட்டாரத்தில் இந்த விடுதிகள் சமையல், துப்புரவு, வழிகாட்டல் என்று வேலை தருகின்றன. யாரும் வந்து பார்க்காத போர்க்களம் புதர் மண்டிப் போகும். ஓய்வெடுக்க வந்தவரிடம் நிலச் சட்டம் பேசினால் முகம் சுளிப்பார் என்ற அச்சமும் பொய்யல்ல. ஆனால் போர்க்களத்துக்கென்றே இவ்வளவு தூரம் வருகிறவர் வெறும் ஓய்வு தேடி வருவதில்லை. கனமான கதையைக் கேட்கவே வருகிறார். அவரைக் குறைத்து எடை போட வேண்டியதில்லை.

அதே வட்டாரத்தில் ஒரு முன்மாதிரியும் இருக்கிறது. 1838இல் போயர்கள் சூலுக்களை வென்ற ரத்த ஆற்றின் ஒரு கரையில் 64 வெண்கல வண்டிகள் வளைத்து நிற்கின்றன. மறுகரையில் சூலு நினைவிடம் 1998இல் எழுந்தது. இரு கரைக்கும் நடுவே பின்னாளில் ஒரு நடைபாலமும் வந்தது. எதிரெதிர்க் கதைகளை ஒரே நாளில் கேட்டு ஒப்பிட அங்கே வழியுண்டு. பண்ணை விடுதியிலோ வீடும் கதையும் பெரும்பாலும் ஒரே கையில் இருக்கின்றன. ஒரே இடத்தில் தங்கும் பயணி ஒரே குரலைத்தான் கேட்பார்.

ஆகவே, பண்ணையில் தங்கிப் போர்க்களம் பார்ப்பது பேருந்துச் சுற்றுலாவைவிட நிச்சயம் மேலானது; நிலத்தைக் கற்க அதைவிட நல்ல வழியில்லை. நிலம் யாருடையது என்பதைக் கற்க மட்டும் அது தானாக உதவாது; கேட்டால்தான் உதவும். டர்பனில் உறவினர் வீட்டுக்குப் போகும் தமிழர்கள் கடற்கரையோடு திரும்பாமல் இந்தக் களங்களுக்கும் போய்வர வேண்டும். போனால் ஓரிரவாவது தங்குங்கள். ஒரு நாள் அந்த வட்டாரத்துச் சூலு வழிகாட்டியோடு நடங்கள். இரவு உணவு மேசையில் போர்க்கதை முடிந்ததும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இந்தப் பண்ணை யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது? இங்கே குடியிருந்து உழைத்தவர்கள் இப்போது எங்கே? அவர்களுடைய கல்லறைகள் எந்தப் பக்கம்? இவற்றுக்கு நேராகப் பதில் சொல்லும் விடுதிக்கு உங்கள் பணத்தைத் தயங்காமல் கொடுக்கலாம்.