காகிதக் கப்பலின் எடை

1903ஆம் ஆண்டு பிரெட் ஜேனின் போர்க்கப்பல் ஆண்டு மலரில் விட்டோரியோ குனிபெர்ட்டி என்ற இத்தாலியக் கப்பல் பொறியாளர் ஒரு கட்டுரை எழுதினார். பிரிட்டிஷ் கடற்படைக்கென அவர் மனத்தில் கட்டிய கப்பல் அது: 17,000 டன் எடை, 12 அங்குலப் பீரங்கிகள் 12, இடுப்பைச் சுற்றி 12 அங்குல எஃகுக் கவசம், வேகம் 24 நாட். அப்படியொரு கப்பல் அன்று உலகின் எந்தத் துறைமுகத்திலும் இல்லை. 1906இல் பிரிட்டனின் டிரெட்நாட் நீரில் இறங்கியபோது அதில் 12 அங்குலப் பீரங்கிகள் 10 இருந்தன. வேகம் 21 நாட். அமெரிக்கரும் ஜப்பானியரும் அதே திசையில்தான் யோசித்துக்கொண்டிருந்தார்கள் என்பதால் பெருமை முழுவதையும் குனிபெர்ட்டிக்குக் கொடுத்துவிட முடியாது. ஆனாலும் இல்லாத கப்பலை எண்களால் கட்டிக் காட்டும் கலைக்கு அந்தக் கட்டுரையைத்தான் நான் தலைவாசலாகக் கருதுகிறேன்.

அது ஜேனின் புத்தகத்தில் வந்தது பொருத்தம். 1898இல் அவர் ஒரு கடற்போர் விளையாட்டையும் வெளியிட்டிருந்தார். கப்பலின் படம் வரைந்த அட்டையை ஊசி பதித்த மட்டையால் அடிக்க வேண்டும். ஊசி குத்திய இடத்தில் குண்டு விழுந்ததாகக் கணக்கு. அந்த இடத்துக் கவசம் எவ்வளவு தடிப்பு என்று தெரிந்தால்தானே சேதத்தைச் சொல்ல முடியும்? ஆண்டு மலரும் அதே 1898இல்தான் தொடங்கியது.

இன்று கடற்போர் விளையாட்டுக்காகக் கற்பனைப் போர்க்கப்பல் வரைபவர்களுக்கு ஸ்பிரிங்ஷார்ப் என்ற மென்பொருள் உண்டு. ரூல் த வேவ்ஸ் போன்ற கணினி விளையாட்டுகளில் வடிவமைப்பே ஆட்டத்தின் பாதி. ஆண்டு, நீளம், அகலம், பீரங்கி, கவசம், வேகம் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்தால், உடற்கூடு தாங்குமா, கப்பல் கவிழாமல் நிற்குமா, அலையில் எப்படி நடந்துகொள்ளும், எஞ்சினுக்கும் ஆட்களுக்கும் இடம் போதுமா என்று ஸ்பிரிங்ஷார்ப் விடை தரும். கூட்டல் கழித்தல் தெரிந்தவர் எவரும் உட்காரலாம். ஆனால் நல்ல கப்பல் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

புதிதாக வருபவர் முதலில் தேடுவது பெரிய பீரங்கி. அதில் தவறில்லை, ஒரு செனட்டரே அப்படித்தான் கேட்டார். தென் கரோலினாவின் பெஞ்சமின் டில்மன், கட்டக்கூடிய மிகப் பெரிய போர்க்கப்பல் எது என்று அமெரிக்கக் கடற்படையை 1910களில் நச்சரித்தார். வடிவமைப்பாளர்கள் போட்ட திட்டங்களில் ஒன்று 80,000 டன் கப்பல். டரட் என்னும் சுழலும் பீரங்கிக் கூடு ஒவ்வொன்றிலும் ஆறாறு பீரங்கிகளாக நான்கு டரட்டுகளில் மொத்தம் 24 பீரங்கிகள், ஒவ்வொன்றும் 16 அங்குலம். எனக்கு அதில் பிடித்தது பீரங்கிகளின் எண்ணிக்கை இல்லை, கப்பலின் அகலம்: 108 அடி. அன்றைய பனாமா கால்வாயின் மதகுத் தொட்டி 110 அடி அகலம். பக்கத்துக்கு ஓரடி இடைவெளி வைத்து நிறுத்தியிருக்கிறார்கள். தொட்டியின் கான்கிரீட் சுவர்தான் அந்தக் கப்பலுக்கு உருவம் கொடுத்தது. எல்லையே இல்லாமல் வரைந்த கப்பலைப் பார்க்கும்போது எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை.

எல்லை என்பது பெரும்பாலும் எடைதான். 1922இன் வாஷிங்டன் ஒப்பந்தம் போர்க்கப்பலுக்கு 35,000 டன் என்று கோடு போட்டது. அந்தக் கோட்டுக்குள் எதை வைப்பது, எதை விடுவது? வீட்டுச் செலவுக் கணக்கு மாதிரிதான், ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றில் கை வைத்தாக வேண்டும். இந்தக் கணக்கில் வேகம்தான் அதிக விலை கேட்கும். அமெரிக்காவின் சவுத் டகோட்டா வகைக் கப்பலின் எடை 35,000 டன்; 130,000 குதிரைத்திறனில் 27 நாட்டுக்குச் சற்று மேல் ஓடியது. அடுத்து வந்த அயோவா 45,000 டன். 212,000 குதிரைத்திறன், 33 நாட். பீரங்கிகள் அதே ஒன்பது, குழல் மட்டும் கொஞ்சம் நீளம். கவசமும் ஏறக்குறைய அதேதான். ஆறு நாட்டுக்கும் குறைவான வேகத்துக்காக 10,000 டன்! வேகம் கூடக் கூடத் தேவைப்படும் திறன் அதன் மும்மடிக்கு நெருக்கமாக ஏறும். நீரின் குணம் அது. எஞ்சின் நீண்டால் உடற்கூடு நீளும், உடற்கூடு நீண்டால் போர்த்த வேண்டிய கவசமும் நீளும். ஒரு கற்பனைக் கப்பலின் அட்டவணையில் 32 நாட் என்று பார்த்தால், அதற்கான விலை எந்த வரியில் எழுதியிருக்கிறது என்றுதான் என் கண் தேடும்.

அமெரிக்க எழுத்தாளர் பிளெட்சர் பிராட் 1940இல் வெளியிட்ட விளையாட்டு விதிகள் கப்பலை மதிப்பிடும் சுவைக்கு நல்ல பாடம். நியூயார்க்கில் நடனக்கூடத் தரையில் மரக் கப்பல்களை நகர்த்தி, தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டுச் சுடும் ஆட்டம் அது. ஒவ்வொரு கப்பலுக்கும் மதிப்பெண் தர ஒரு சூத்திரம் வைத்திருந்தார். அதில் பீரங்கி வாயின் அங்குலத்தை வர்க்கப்படுத்தி எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். ஒன்பது 16 அங்குலப் பீரங்கிகளுக்கு 2,304 வரும்; பன்னிரண்டு 14 அங்குலப் பீரங்கிகளுக்கு 2,352. சூத்திரத்தின் கண்ணில் இரண்டும் கிட்டத்தட்டச் சமம். ஆனால் 14 அங்குலக் குண்டு முட்டி நிற்கும் கவசத்தை 16 அங்குலக் குண்டு துளைத்துவிடக்கூடும். இன்னொரு பக்கம், ஒரே நேரத்தில் அதிகக் குண்டுகளை வீசுபவருக்கு, இலக்கின் முன்னும் பின்னும் எழும் நீர்த்தூண்களைப் பார்த்து குறியைத் திருத்துவது சுலபம். எந்தச் சூத்திரத்துக்கும் இப்படிக் குருட்டுப் புள்ளிகள் உண்டு. அதன் இடுக்கில் நுழைந்து மதிப்பெண் குவிப்பவர் சாமர்த்தியசாலி. சூத்திரம் கேட்காதபோதும் முன்தளத்தின் உயரத்தைப் பற்றிக் கவலைப்படுபவரைத்தான் நான் வடிவமைப்பாளர் என்பேன்.

அந்தக் கவலை வீணானதில்லை. பிரிட்டனின் ஐந்தாம் கிங் ஜார்ஜ் வகைக் கப்பல்களில் முன் பீரங்கிகள் நேராக முன்னோக்கித் தாழச் சுட வேண்டும் என்பதற்காக மூக்கை உயர்த்தாமல் விட்டார்கள். வட அட்லாண்டிக்கின் அலை முன்தளத்தின் மேல் ஏறி உள்ளேயும் புகுந்தது. ஆனால் அதே கப்பலில்தான் நான் மிகவும் மதிக்கும் முடிவும் இருக்கிறது. நான்கு நான்காக மூன்று டரட்டுகள், மொத்தம் 12 பீரங்கிகள் என்பதே முதல் திட்டம். கவசத்துக்கு எடை போதவில்லை. இரண்டாம் டரட்டில் இரண்டைக் கழற்றிவிட்டு, பத்துப் பீரங்கிகளோடு கட்டினார்கள். இப்படிக் கழற்றக் கை வராதவர்களின் கப்பல்கள் மென்பொருளில் சிவப்பு எச்சரிக்கையோடு நிற்கும்.

எதிரி யார் என்பதும் அளவு சொல்லும். டச்சுக்காரர்கள் 1939, 40இல் தங்கள் கிழக்கிந்தியத் தீவுகளுக்காக வரைந்த கப்பலில் 28 சென்டிமீட்டர் பீரங்கிகள் ஒன்பதுதான். வேகமோ 34 நாட். வல்லரசுகளின் கப்பல்களோடு ஒப்பிட்டால் இளைத்த உருவம். ஆனால் அவர்கள் எண்ணியது ஜப்பானின் கனரகக் குரூசர்களை. 20 சென்டிமீட்டர் பீரங்கி கொண்ட அவற்றைத் துரத்தவும் அடிக்கவும் இது போதும். 1940 மே மாதம் ஜெர்மனி நெதர்லாந்துக்குள் புகுந்தது. கப்பல் வரைபடமாகவே நின்றுவிட்டது. சின்ன நாட்டின் கஜானாவையும் துறைமுக ஆழத்தையும் உலர் துறையின் நீளத்தையும் மனத்தில் வைத்து வரைந்த கற்பனைக் கப்பல்களில் இதே நேர்மையைப் பார்க்கிறேன். அவற்றைக் கண்டால் பெரிய கப்பல்களை ஒதுக்கிவிட்டு அவற்றோடுதான் நேரம் செலவிடுவேன்.

ஆனாலும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பிரிட்டனின் ஜி3யைத்தான் சொல்வேன். 1921இல் நான்கு கப்பல்களுக்கு ஆணை கொடுத்து, வாஷிங்டன் மாநாட்டால் கைவிட்ட திட்டம். ஏறத்தாழ 48,000 டன், 32 நாட், 16 அங்குலப் பீரங்கிகள் ஒன்பது. மூன்றாம் டரட் வழக்கம்போல் பின்னால் இல்லை. கட்டளை மேடைக்கும் புகைபோக்கிகளுக்கும் நடுவில் இருக்கிறது. வெடிமருந்து அறைகளை இப்படி நெருக்கிவிட்டதால், கனத்த கவசம் குறைந்த நீளத்துக்குப் போதுமானது. அதற்குக் கொடுத்த விலை, நேர் பின்னால் சுட ஒரு பெரிய பீரங்கியும் கிடையாது. விளையாட்டு மேசையில் ஜி3யை நடத்துபவருக்கு இது உடனே உறைக்கும். வேகத்தை நம்பி முதுகைக் காட்டி ஓடினால் பீரங்கிகள் ஊமையாகிவிடும். கொஞ்சம் சாய்ந்து, பக்கம் காட்டி, தூரம் கூடும் வேகத்தை இழந்துகொண்டேதான் அவர் விலக வேண்டியிருக்கும்.