தோட்டத்துக்கு வராத செய்தியாளர்

மலேசியாவில் நாளிதழ் நடத்த அரசின் உரிமம் வேண்டும். 1984ஆம் ஆண்டு அச்சக, வெளியீட்டுச் சட்டப்படி அந்த உரிமத்தை 2012 வரை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 1987 அக்டோபரில், எதிர்ப்பாளர்களைக் கூண்டோடு கைது செய்த லாலாங் நடவடிக்கையின்போது, ‘தி ஸ்டார்’, ‘சின் சியூ’, ‘வாத்தான்’ மூன்றின் உரிமமும் ஒரே வீச்சில் பறிக்கப்பட்டது. அதைப் பார்த்த ஆசிரியர்களுக்குப் பிறகு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பத்திரிகைகளின் முதலாளிகளாக இருந்தவையும் பெரும்பாலும் அன்றைய ஆளும் கூட்டணிக் கட்சிகளே. ‘ஸ்டார்’ சீனர் கட்சியான ம.சீ.ச.விடம், ‘உத்துசான்’ மலாய்க்காரர் கட்சியான அம்னோவிடம், ‘தமிழ் நேசன்’ இந்தியர் கட்சியான ம.இ.கா.வின் நெடுநாள் தலைவர் சாமிவேலு குடும்பத்திடம் இருந்தன.

தமிழ் நாளிதழ்களின் சாய்வு தனி ரகம். ம.இ.கா.வில் அணி பிரிந்தால் பத்திரிகைகளும் பிரியும். ஒரு தலைவருக்கு மாலை போட்ட படம் ஒன்றில் முதல் பக்கத்தை அடைத்துக்கொள்ளும். மற்றொன்றில் தேடினாலும் கிடைக்காது. ஆனால் நெகிரி செம்பிலானில் போர்ட்டிக்சன் பக்கத்து சி ரூசா, லுக்குட், சிலியாவ் வட்டாரத் தோட்டங்களில் பேப்பர் படித்தவர்களுக்கு எது யாருடையது என்பது தெரியும். தெரிந்த சாய்வைக் கழித்துவிட்டுப் படிக்கலாம். இரண்டு பத்திரிகைகளை அடுத்தடுத்து வைத்தால் நடந்தது ஓரளவு பிடிபட்டுவிடும். அதற்கும் மேலாக, மாரியம்மன் திருவிழா, தமிழ்ப்பள்ளிப் போட்டி, தண்ணீர்க் குழாய்ப் புகார், மரண அறிவித்தல் என்று ஆங்கில ஏடுகள் சீண்டாத செய்திகளையெல்லாம் அவையே சுமந்தன.

குறை வேறிடத்தில் இருந்தது. தோட்டம் கைமாறி, பால்மரம் போய்ச் செம்பனையும் வீடமைப்பும் வந்தபோது, லயத்தை விட்டுக் கிளம்பும் குடும்பங்களின் கண்ணீர் அச்சேறும். விற்றவர் யார், வாங்கியவர் யார், கையெழுத்துப் போட்ட அதிகாரி யார் என்பது அச்சேறுவது அபூர்வம். இது பொய் அல்ல, விடுபடல். பொய்யை மறுக்கலாம், எழுதாததை எப்படி மறுப்பது?

இணையம் இந்த இடத்தில்தான் கைகொடுத்தது. மல்டிமீடியா பெருவழித் திட்டத்துக்கு முதலீட்டாளர்களை இழுக்க, இணையத்தைத் தணிக்கை செய்யமாட்டோம் என்று 1996இல் அரசே வாக்களித்திருந்தது. அந்தச் சந்தில் நுழைந்தது ‘மலேசியாகினி’ என்ற செய்தித் தளம், 1999 நவம்பரில். 2007 நவம்பர் 25 அன்று இந்து உரிமைப் போராட்ட அமைப்பான இண்ட்ராப்பின் அழைப்பில் கோலாலம்பூரில் திரண்ட கூட்டத்தைப் பெரிய ஊடகங்கள் சட்டவிரோதப் பேரணி என்ற ஒற்றை வரியில் அடக்கப் பார்த்தன. கண்ணீர்ப்புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் படமாக வலையேறி வீடுகளுக்குள் வந்துவிட்டன. அடுத்த மார்ச் தேர்தலில் நெகிரி செம்பிலானில் மட்டும் எதிர்க்கட்சிகள் 36 சட்டமன்றத் தொகுதிகளில் 15ஐப் பிடித்தன. இணையப் போரில் தோற்றுவிட்டோம் என்று பிரதமர் அப்துல்லா படாவியே ஒப்புக்கொண்டார்.

ஆனாலும் முழு வாழ்த்துப்பா பாட எனக்கு மனம் வரவில்லை. அதே அலையில் ‘இனச் சுத்திகரிப்பு’ என்று அரசின்மீது இண்ட்ராப் சுமத்திய குற்றச்சாட்டும் எடைபோடப்படாமல் பரவியது. உரிமை மறுப்பை உரிமை மறுப்பு என்று சொன்னாலே போதுமான வலு இருந்தது. 2018 நவம்பர் இறுதியில் சீபீல்ட் மாரியம்மன் ஆலயத்தில் நிலத் தகராறையொட்டிக் கலவரம் மூண்டது. அது இனக் கலவரமல்ல என்று உள்துறை அமைச்சர் சொல்லியும் புலனத்தில் இனப் பகையே ஓடிற்று. காயமடைந்து பின்னர் இறந்த தீயணைப்பு வீரர் அடிபட்டாரா, வண்டி மோதியதா என்பதில் மரண விசாரணைக்கு முன்பே ஆளாளுக்குத் தீர்ப்பு எழுதினார்கள். ‘தமிழ் நேசன்’ யார் பக்கம் என்று தெரிந்தவருக்கு, தன் கைப்பேசிக்கு வந்த குரல்பதிவு யாருடையது என்று தெரியாது. பழைய வாசகத் திறமை இங்கே செல்லாக்காசு.

மொழியும் ஒரு தடை. மாற்று ஊடகத்தின் உழைப்பில் பெரும்பகுதி ஆங்கிலம், மலாய், சீனத்தில்தான் நடக்கிறது. தோட்டத்துத் தமிழருக்கு அது வெட்டி ஒட்டிய துண்டாக வந்து சேர்கிறது. இதற்கிடையே 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019 தொடக்கத்தில் மூடப்பட்டது. அதன் சாய்வுக்கு நான் அழமாட்டேன். ஆனால் ஒரு நாளிதழ் போகும்போது அதன் வட்டார நிருபர்களும் போய்விடுகிறார்கள், இணையம் அவர்களுக்குப் பதில் ஆள் வைக்கவில்லை.

2018 அக்டோபர் இடைத்தேர்தலில் அன்வார் இப்ராகிம் போட்டியிட்டபோது போர்ட்டிக்சனில் பத்திரிகையாளர் கூட்டம் நிரம்பி வழிந்தது. தேர்தலுக்கு வருபவர் வேட்பாளரை எழுதுவார். நகராண்மைக் கழகக் கூட்டத்தில் ஆண்டு முழுக்க உட்கார்ந்து, தோட்ட நிலத்தின் தகுதி எப்போது மாற்றப்படுகிறது என்று கவனிப்பவர்தான் சி ரூசாவுக்குத் தேவை. அந்த வேலையை எந்தப் பகிர்வும் செய்யாது, அதற்குச் சம்பளம் வேண்டும்.

பணம் இல்லையென்றும் சொல்லிவிட முடியாது. வாசகர் கருத்துகளுக்காக 2021 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் ‘மலேசியாகினி’க்கு 5 லட்சம் ரிங்கிட் அபராதம் விதித்தது. சில மணி நேரத்தில் பொதுமக்களே அந்தத் தொகையைத் திரட்டிக் கொடுத்தார்கள். அதில் ஒரு சிறு பங்கு போதும், ஒரு தமிழ் நிருபரைச் சிரம்பானில் ஓராண்டு வைத்திருக்க.