பொத்தான் நடக்கிறது

சட்டைப் பொத்தானை மேசைமேல் ஒரு நூல் அகலம் நகர்த்திப் படமெடுத்து, மறுபடி நகர்த்தி மறுபடி எடுத்து, விநாடிக்கு 12 படம் வீதம் ஓடவிட்டால் பொத்தான் தானாக நடக்கும். ஸ்டாப் மோஷனின் அழகு இந்த எளிமையில் இருக்கிறது. பெஸ் என்ற அமெரிக்கக் கலைஞர் 2008-இல் எடுத்த ‘வெஸ்டர்ன் ஸ்பகெட்டி’ குறும்படத்தில் குமிழ் உறை கொதிக்கும் தண்ணீராகிறது, ரூபிக் கியூப் பூண்டாகிறது. பொருளின் உருவம் மாறுவதில்லை. அசையும் விதமே நம்மை நம்பவைக்கிறது. அந்த அசைவில்தான் கைத்திறன் தெரியும். எல்லா நகர்வும் ஒரே அளவாக இருந்தால் பொத்தான் இழுத்துச் செல்லப்பட்டதுபோல் தோன்றும். தொடக்கத்தில் சிறிதாகவும் நடுவில் பெரிதாகவும் முடிவில் மீண்டும் சிறிதாகவும் நகர்த்தினால் அது தயங்கிக் கிளம்பி, ஓடி, மூச்சு வாங்கி நிற்கும்.

கணினியில் இதை வழுவழுப்பாகச் செய்யலாமே, ஒரு நிமிடத்துக்கு 720 படம் எடுப்பது வீண்வேலை அல்லவா என்று கேட்பது நியாயம்தான். வழுவழுப்பு மட்டும் வேண்டுமென்றால் கணினியே போதும். ஆனால் களிமண் பொம்மையின் கன்னத்தில் படத்துக்குப் படம் இடம்மாறும் விரல்ரேகை, ஜன்னல் வெளிச்சம் மாறுவதால் வரும் மெல்லிய துடிப்பு, தாளின் கசங்கல் ஆகியவை ஒரு கை இங்கே தொட்டது என்பதற்குச் சாட்சி. அந்த 720 படங்களும் 720 தீர்மானங்கள். ஒவ்வொன்றுக்கும் எடுப்பவர் பொத்தானின் கனத்தையும் போக்கையும் புதிதாகப் பார்த்தாக வேண்டும். சாதாரணப் பொருளை இத்தனை கவனமாகப் பார்க்கப் பழக்கும் வேலையை வீண் என்று சொல்வதற்கில்லை.