காவலன் கேட்ட வினா: ஹம்லெற் நாடகத்தின் முதற்காட்சி பற்றிய ஒரு நோக்கு

துன்பியல் நாடகத்தின் தொடக்கக் காட்சி, பின்னர் நிகழவிருக்கும் அவலத்துக்கு வாயில் போன்றது. வாயிலை விரைந்து கடப்போர் மாளிகையின் அமைப்பை உணரார். சேக்ஸ்பியர் 1600ஆம் ஆண்டையொட்டி எழுதிய ஹம்லெற் நாடகத்தின் முதற்காட்சி நம் வகுப்பறைகளில் பெரும்பாலும் இவ்வாறே கடக்கப்படுகின்றது. நள்ளிரவு, கடுங்குளிர், ஆவியின் தோற்றம். ஆகவே இக்காட்சி அச்சச் சூழலை உருவாக்குகின்றது என்ற ஒற்றை வாக்கியத்தோடு குறிப்பேடு மூடப்படும். அக்கூற்றுப் பிழையன்று, ஆனால் போதாது. அச்சம் எதன்பால் எழுகின்றது, யாரிடத்து எழுகின்றது என்பவற்றை அது ஆராயாது விடுகின்றது.

முதல் உரையாடலை நோக்குவோம். எல்சினோர்க் கோட்டை மதிலில் பிரான்சிஸ்கோ காவல் நிற்கின்றான். அவனை விடுவிக்கப் பெர்னாடோ வருகின்றான். இருளில் வருபவனை நிற்பவன் யாரென வினவுதலே காவல் முறை. இங்கோ வருபவன் வினவுகின்றான். நிற்பவன் விடை கூற மறுத்து, வந்தவனே முதலில் தன்னை வெளிப்படுத்த வேண்டும் என்கின்றான். முறை தலைகீழாகிவிட்டது. காரணம் வெளிப்படை. பெர்னாடோ முன்னைய இரவுகளில் ஆவியைக் கண்டவன். அவனது வினா அதிகாரத்தின் குரலாக ஒலித்தாலும், அது வெளியிடுவது வினவுபவனின் நடுக்கத்தையே.

இந்த அச்சத்தின் இயல்பை அறியத் தொல்காப்பியம் துணைசெய்கின்றது. திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராகவும் பணியாற்றிய சுவாமி விபுலாநந்தர், 1926இல் வெளியான மதங்க சூளாமணியில் சேக்ஸ்பியரின் பன்னிரு நாடகங்களைத் தமிழ் நாடக மரபோடு இயைத்து ஆராய்ந்தார். அவர் காட்டிய வழியில் நாமும் ஓரடி செல்லலாம். மெய்ப்பாட்டியல், அச்சம் பிறக்கும் களங்களை அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்காக வகுக்கும். மதிலில் தோன்றும் உரு அணங்கு. இறந்த மன்னனின் உருவாதலின் தம் இறையும் அதுவே. தனித்தனியே எண்ணப்பட்ட இரண்டு களங்கள் இங்கு ஓருருவில் இணைகின்றன. கள்வன் எங்கே? நோர்வே இளவரசன் நிலங் கவர வருவான் என எண்ணிக் காவலர் மதிலுக்கு வெளியே நோக்குகின்றனர். முடியைக் கவர்ந்தவனோ மதிலுக்கு உள்ளே அரியணையில் வீற்றிருக்கின்றான். காவல் பிழைத்த இடம் இதுவேயாகும்.

திருகோணமலையில் இக்காட்சியைக் கற்போருக்கு அது தொலைதூரக் கதையன்று. கோணேசர் ஆலயத்தை இடித்த போர்த்துக்கேயர் 1624இல் கட்டிய கோட்டை, ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பலர் கை மாறி, பிரெடரிக் கோட்டை என்ற பெயரோடு இன்றும் படைமுகாமாக உள்ளது. கோணேசரை வழிபடச் செல்வோர் அதன் வாயிலூடாகவே செல்கின்றனர். கப்பல் கட்டுவோர் ஞாயிறும் ஓயாது உழைப்பதும், பீரங்கிகள் நாள்தோறும் வார்க்கப்படுவதும் எதற்காக என்று மார்செலஸ் கேட்கின்றான். ஹொரேஷியோ கூறும் விடையும் ஊர்வாய்ச் செய்தியே. 1942 ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் குண்டுவீசிய துறைமுகம் இது. இங்கு வாழ்வோருக்கு மார்செலசின் ஐயத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை.

எனினும் இவ்வொப்புமைக்கு ஓர் எல்லை உண்டு. 2009இல் முடிவுற்ற போரின் காலத்தில் இம்மாவட்டத்துச் சோதனைச் சாவடிகளில் யார், எங்கே போகிறாய் என்ற வினாக்கள் நாள்தோறும் எழுந்தன. எல்சினோரில் இருவரும் ஆயுதந் தரித்தோர். ஒரே மன்னனின் ஊழியர். ஆதலால் பிரான்சிஸ்கோவால் வினாவைத் திருப்பிக் கேட்க முடிந்தது. அடையாள அட்டையை நீட்டி நின்ற மீனவனுக்கு அவ்வுரிமை இருக்கவில்லை. வினவியவனின் அச்சத்தை அவன் கண்டிருக்கலாம். கண்டதைச் சொல்லல் இயலாது.

எங்கள் வகுப்பில் இருவர் எழுந்து இக்காட்சியை வாசித்தனர். பிரான்சிஸ்கோவின் மறுமொழியை வாசித்தவர் குரலைத் தாழ்த்திப் பணிவோடு வாசித்தார். அது காவலனின் கட்டளை, பணிவன்று என ஆசிரியர் திருத்தினார். திருத்தம் நாடகப் பனுவலுக்கு முற்றும் பொருந்துவதே. ஆயினும் அப்பணிவு அவர் குரலில் எவ்வாறு வந்தது என்பதை நாங்கள் எவரும் கேட்கவில்லை.

கேட்டிருத்தல் வேண்டும் என்பதே என் கருத்து. பனுவல் கூறுவதையும், அதனை வாசிக்கும் குரல் கூறுவதையும் ஒருசேர ஆராய்வதே திறனாய்வுக்கு அழகு. முதற்காட்சியைச் சூழலமைப்பு என்ற ஒரு தலைப்பினுள் அடக்கிவிட்டால், வினவுபவனின் அச்சமும் வினவப்படுபவனின் உரிமையும் நம் கண்ணுக்குப் புலப்படாது போய்விடும். இனி இதனைக் கற்கவிருப்போர் அவ்விரண்டையும் சேர்த்தே கற்பாராக.